தாலீனுக்குச் சேராதது

கரும்பலகையின் நடுவில் ஒரு கார்பனை எழுதி, அதிலிருந்து நான்கு பக்கமும் கோடு இழுத்துவிட்டு, நஜ்வான் சாக்பீஸைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது மறந்து போகவில்லை. இதே படத்தை எத்தனையோ வருடங்களாக வரைந்து வருகிறாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாக வரைந்துவிடும். கையைத் தூக்கத்தான் முடியவில்லை. காலையில் அரசுப் பள்ளி. மதியத்துக்கு மேல் டமன்ஹூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், கோழிக்கடைக்கு மேலே இருக்கும் இந்த டியூஷன் சென்டர். பெஞ்சுக்கு நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஏழு பெண்கள் நெருக்கிக்கொண்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை.

"கார்பனுக்கு நாலு கை" என்று திரும்பினாள். "நாலையும் யார்கிட்டயாவது குடுத்தாத்தான் அதுக்கு நிம்மதி. ஒரு கையில ஹைட்ரஜன். ஒரு கையில நைட்ரஜன் இருக்கிற கூட்டம். இன்னொண்ணுல அமிலக் கூட்டம். இந்த மூணு கையும் எல்லா அமினோ அமிலத்துக்கும் ஒரே மாதிரிதான். வித்தியாசம் எல்லாம் நாலாவது கையில."

"அப்லா, நாலாவது கை பரீட்சைக்கு வருமா?" முன்வரிசையில் பஸந்த். டீச்சரை அப்லா என்று கூப்பிடுவதில் அவளுக்கு இருக்கும் கொஞ்சல் வேறு யாருக்கும் வராது.

"உன் கல்யாணத்துக்கே வரும். எழுதிக்கோ."

சிரிப்பு அடங்குவதற்குள் சின்ன அமிலங்களை வரிசையாக வரைந்து முடித்தாள். நாலாவது கையில் வெறும் ஹைட்ரஜன் இருப்பது, ஒரு கார்பன் இருப்பது, கந்தகம் இருப்பது. பிறகு அந்த ஒன்று வந்தது. ஆறு கார்பன்கள் கைகோர்த்து நிற்கும் வளையத்தை நாலாவது கையில் பிடித்திருக்கும் ஃபீனைல் அலனைன். அதை மட்டும் அவள் எப்போதும் அவசரமாகத்தான் வரைவாள். வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அழித்துத் திருத்தவில்லை.

"இது உடம்புக்குள்ள போய் என்ன ஆகும் அப்லா?"

"ஒரு நொதி இருக்கு. அது இந்த வளையத்துல ஒரு ஆக்ஸிஜனைச் சொருகி வேற அமிலமா மாத்திடும். அப்புறம் உடம்பு அதை எடுத்துக்கும்."

"நொதி வேலை செய்யலைன்னா?"

"ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே போகும். மூளைக்கு ஆகாது. அடுத்ததைப் பாரு."

அந்த நேரத்தில்தான் மேஜை மேல் போன் நடுங்கியது. அலெக்சாண்ட்ரியா ஆஸ்பத்திரி எண். வகுப்பை எழுதச் சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வந்தாள். கீழே கோழிக்கடைக்காரன் ரேடியோவை அலறவிட்டிருந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"மேடம், உங்க பொண்ணு தாலீனோட ரத்தத்துல அந்த அளவு மறுபடி ஏறியிருக்கு" என்றார் டாக்டர். அவர் குரலும் நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்த குரல்தான். "போன தடவையை விட அதிகம். அதுக்கு முந்தின தடவையை விட ரொம்ப அதிகம். எங்கேயோ புரதம் உள்ள போகுது. யாரோ ஊட்டுறாங்க."

"வீட்டுல எல்லாருக்கும் தெரியும் டாக்டர். யாரும் குடுக்க மாட்டாங்க."

"அப்ப ரத்தம் பொய் சொல்லுதா? இப்படியே போனா படிப்பு, நடத்தை எல்லாம் கெட்டுப்போகும். போனது திரும்பி வரும்னு நான் உறுதி சொல்ல முடியாது. இதைப் பாடமா நடத்துறவங்ககிட்ட நான் என்னன்னு விளக்குறது? கண்டுபிடிங்க."

உள்ளே போய் மீதி அமிலங்களையும் வரைந்து முடித்தாள். அவற்றில் ஒன்றுகூட அவள் மனதில் நிற்கவில்லை.

அவர்கள் வீட்டில் இரண்டு சமையல். ஒன்று மனிதர்களுக்கு, ஒன்று தாலீனுக்கு என்று கணவன் அஷ்ரஃப் ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடிக்கொண்டான். ஊரே அவரைப் பயறில் ஓடுகிற ஊர். விடிந்ததும் சந்து முனையில் வண்டிக்காரன் பெரிய பானையிலிருந்து ஃபூல் என்கிற பயறு மசியலை மொண்டு கொடுக்கிறான், அதில் புரதம். ரொட்டியில் புரதம், வெள்ளைப் பாலாடையில் புரதம், ஏழை பணக்காரன் எல்லோருக்கும் அலுக்காத பருப்பு சூப்பில் புரதம். தாலீனுக்கு மட்டும் மாவுச்சத்தில் சுட்ட ஒரு ரொட்டி. ஆறினால் ஓடு மாதிரி உடையும். அளந்து வைத்த உருளைக்கிழங்கு, சுரைக்காய். தேனும் ஜாமும் வெறும் சர்க்கரை மிட்டாயும் இஷ்டம் போல. அதோடு தினமும் மீன் அழுகின வாடை அடிக்கிற ஒரு பவுடர் பால். வளையம் பிடித்த அந்த ஒற்றை அமிலம் தவிர மற்ற எல்லாம் அதில் உண்டு. ஏழு வயதுப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், வேதியியலைக் கண்டுபிடித்தவனைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும் என்று நஜ்வானுக்குத் தோன்றும்.

அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை தாலீன் சர்க்கரை வியாதிக்காரப் பிள்ளை. பிறந்த வாரத்தில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் விஷயம் தெரிந்தபோது, பரம்பரையாக வருவது, அம்மா பக்கம் பாதி அப்பா பக்கம் பாதி என்று டாக்டர் சொன்னார். அஷ்ரஃப் நஜ்வானுக்குத் தாய்மாமன் மகன். மாமா அப்போது உயிரோடு இருந்தார். அஷ்ரஃபின் தங்கை இன்ஷிராஹைப் பெண் கேட்டு யாரோ வந்திருந்த சமயம். "வெளில மூச்சு விடாதீங்க" என்றார் மாமா. "ரத்தத்துல கோளாறுன்னு ஒரு வார்த்தை போச்சுன்னா எம்பொண்ணு கதை முடிஞ்சுது. சர்க்கரைன்னு சொல்லிடுங்க. சர்க்கரை இல்லாத வீடு இந்த ஊர்ல எது?" நஜ்வானும் சரி என்றாள். பார்க்கிறவர்களிடம் எல்லாம் வளையத்தையும் நொதியையும் விளக்கிக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பு இல்லை. ஒரே சொல்லில் வேலை முடிந்தது. வந்த மாப்பிள்ளை, குடித்தனம் வைக்க ஒரு வீடு வாங்க முடியாமல் தானாகவே விலகிப்போனான். பின்னால் ஒருவன் வந்தான், அவனும் போனான். சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது இன்ஷிராஹுக்கு முப்பது தாண்டிவிட்டது. அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள், தையல் எடுத்துச் செய்கிறாள், பள்ளி விட்டு வரும் தாலீனை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கடைசியாக மஹ்ரூஸ் வந்தான். மனைவியை இழந்தவன், தண்ணீர் கம்பெனியில் வேலை, தன்மையான ஆள். வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதி வாக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. ஓதிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அன்று நஜ்வான் வீட்டுக்குள் நுழைந்தபோது தாலீன் பாடப் புத்தகத்தின் முன் உட்கார்ந்து பென்சிலால் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தாள். போன பருவத்தில் கடகடவென்று படித்த பக்கம் அது. இப்போது முதல் வரியின் பாதியிலேயே நின்று, எழுத்தை முறைத்து, புத்தகத்தைத் தள்ளிவிட்டாள். நஜ்வான் மறுபடி அருகே நகர்த்தினாள். பிள்ளை அவள் கையில் அறைந்தாள். அறைந்துவிட்டு, ஏன் அறைந்தோம் என்று தனக்கே தெரியாத மாதிரி விழித்தாள். அந்த விழிப்பைப் பார்த்ததும் நஜ்வான் எழுந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"இன்னைக்கு இவளுக்கு என்ன குடுத்தே?"

இன்ஷிராஹ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "நீ வச்சிட்டுப் போன கிழங்கு. ரொட்டி. பவுடர் பால். ஏன் அண்ணி?"

"வேற?"

"வேற என்ன?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. ஏறிக்கிட்டே போகுதாம். பகல்ல நானும் இல்ல, உங்கண்ணனும் இல்ல. நீ மட்டும்தான் இருக்கே."

இன்ஷிராஹ் பூண்டைக் கீழே வைத்தாள். "ஒரு தடவை முட்டை குடுத்தேன். அவளுக்கு மூணு வயசு. என் தட்டைப் பாத்து அழுதா, ஒரு வாய் குடுத்தேன். அதுக்கு நீ என்கூட மாசக்கணக்கா பேசலை. இன்னைக்கு வரைக்கும் நான் முட்டை தின்னணும்னா மொட்டை மாடிக்குப் போய், புறாக் கூண்டு பக்கத்துல நின்னு தின்னுட்டு வர்றேன். தெரியுமா உனக்கு?"

"கல்யாணம் கூடி வருது. உனக்கு இங்க மனசு இருக்குமா? நீ கவனிக்காத நேரத்துல ஏதாவது எடுத்துத் தின்னிருப்பா."

சொன்ன உடனேயே அது அநியாயம் என்று நஜ்வானுக்குத் தெரிந்தது. திருப்பி எடுக்க வாய் வரவில்லை. அன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். இன்ஷிராஹ் கை கழுவிவிட்டு தையல் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். துணி வைக்காமலே கொஞ்ச நேரம் அது ஓடியது.

"வெள்ளிக்கிழமை முடியட்டும், அதுவரைக்கும் அவளை ஒண்ணும் சொல்லாதே" என்றான் அஷ்ரஃப். பஸ் டிப்போவிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்திருந்தான். "உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ மூளை காத்துக்கிட்டு இருக்குமா?"

அவன் பிள்ளையின் புத்தகத்தைத் தரையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். அடுத்து வந்த நாட்களில் நஜ்வான் அலமாரியைப் பூட்டினாள், குப்பைக் கூடையைக் கிளறினாள், தாலீனின் வாயை முகர்ந்து பார்த்தாள். ஏதோ இனிப்பு வாசனைதான் வந்தது. மிட்டாய்க்கு அவளே சில்லறை கொடுத்து அனுப்புகிறாள், கீழே ரிஃபாயி சாச்சா கடையில் எலுமிச்சை மிட்டாய் வாங்கிக்கொள்ள. அது வெறும் சர்க்கரை. அதில் பயம் இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து மஹ்ரூஸின் வீட்டார் வந்தார்கள். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளறையில், நடுவே ஒரு பூப்போட்ட திரை. கூடத்தில் பெரியவர் ஸ்தானத்தில் ரிஃபாயி சாச்சா கஞ்சி போட்ட கல்லாபியா அங்கியில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்டடத்தில் அவர் இல்லாமல் எந்த வாக்கும் கொடுக்கப்படுவதில்லை. உள்ளறையில் அவர் மனைவி ஃபத்ஹிய்யா, எதிர் வீட்டுக்காரிகள், நடுநாயகமாக மஹ்ரூஸின் தாய், ஹஜ் செய்து வந்த ஹாஜா ஸமீஹா. தாழ்வான மேஜை மேல் பெரிய தட்டில் சிவப்பு ஷர்பத் ஊற்றிய கிளாஸ்கள் தயாராக இருந்தன. ஓதி முடித்த பிறகுதான் அதைத் தொடுவார்கள். இன்ஷிராஹ் தானே தைத்த இளநீல உடையில் இருந்தாள். நான்கு நாளாக அண்ணியின் முகத்தைப் பார்க்காதவள் அன்றும் பார்க்கவில்லை.

"உங்க வீட்டுப் பொண்ணு கைவேலையைப் பாத்தேன்" என்றாள் ஸமீஹா, உடையின் விளிம்பைத் திருப்பி. பெற்றவள் இல்லாத பெண் என்பதால் நஜ்வானிடமே பேசினாள். "தையல் இவ்வளவு நேரா போகுதுன்னா மனசும் நேராத்தான் இருக்கும். எம்மகன் அதிர்ஷ்டக்காரன்." பிறகு வாசலில் நின்ற தாலீனைப் பார்த்து இரு கையையும் நீட்டினாள். "வா கண்ணு, வா. எல்லாருக்கும் கேக் கொண்டுவந்தேன், நீ மட்டும் ஏங்கக் கூடாதுன்னு உனக்குத் தனியா வாங்கிட்டு வந்தேன் பாரு." பையிலிருந்து குளிர்ந்த ஒரு டப்பாவை எடுத்தாள். சர்க்கரை சேர்க்காத கோலா. "நானும் உன்னை மாதிரி சர்க்கரைதான். நான் இதைத்தான் குடிக்கிறேன்."

தாலீன் டப்பாவை வாங்கி, தேர்ந்த கையால் திறந்தாள். உஸ் என்று சத்தம் வந்தது. இதுவரை இப்படி ஒன்றை அவள் தொட்டதில்லை என்றுதான் நஜ்வான் நினைத்திருந்தாள்.

"அவளுக்கு இது பழக்கம்" என்று ஃபத்ஹிய்யா பெருமையாகச் சொன்னாள். "தினமும் கடைக்கு வந்து மிட்டாய் கேக்கும். எங்க வீட்டுக்காரர் குடுப்பாரா? பாவம், அறியாப் பிள்ளை, சர்க்கரையைத் தின்னு கண்ணு போயிடும்னு இந்த டப்பாவைத்தான் குடுத்து அங்கயே குடிக்க வைப்பாரு. அம்மாகிட்ட சொல்லாதே, திட்டுவாங்கன்னு வேற சொல்லி வச்சிருக்காரு."

"நானும் சர்க்கரை இல்லாத சூயிங்கம்தான் வச்சிருக்கேன், இவளுக்குன்னே" என்றாள் எதிர் வீட்டுக்காரி. "எம்மக குவைத்லேர்ந்து அந்த இனிப்பு மாத்திரை அனுப்புவா. அதைப் போட்டு ஜெல்லி செஞ்சு குடுத்தேன், ரெண்டு கப் சாப்பிட்டா" என்றாள் இன்னொருத்தி.

நஜ்வான் டப்பாவைப் பிள்ளை கையிலிருந்து வாங்கித் திருப்பினாள். பொடி எழுத்தில் இருந்தது: ஃபீனைல் அலனைன் கொண்டது. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் அந்த இனிப்பைச் செய்வதே அந்த அமிலத்தை வைத்துத்தான். பள்ளியில் சொல்லி வைத்திருந்தாள், வீட்டில் நுழைய விட்டதில்லை. அடுக்களையில் துருவித் துருவித் தேடியிருந்தாள். ஒரு கட்டடமே சேர்ந்து, பாசத்தோடு, தங்கள் கைக்காசைப் போட்டு, சர்க்கரையைப் பிடுங்கிவிட்டு விஷத்தைக் கொடுத்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது? சர்க்கரை என்று சொல்லிவைத்தது அவர்கள் இல்லையே. அவள் இன்ஷிராஹைப் பார்த்தாள். நான்கு நாளைக்குப் பிறகு இன்ஷிராஹும் அவளைப் பார்த்தாள்.

"குடு அம்மா" என்று தாலீன் கையை நீட்டினாள்.

"வேணாம். வயிறு சரியில்ல உனக்கு."

"என் வயிறு நல்லாத்தான் இருக்கு!"

"குடிக்கட்டுமே" என்றாள் ஸமீஹா, முகம் லேசாக வாடி. "சர்க்கரை ஒரு பொட்டு கிடையாது. கடைக்காரன்கிட்ட கேட்டுக் கேட்டு வாங்கினேன்."

வயிற்று வலி இன்றைக்குக் காப்பாற்றும். நாளைக்குக் கடையில் ரிஃபாயி சாச்சா இருப்பார். எதிர் வீட்டில் ஜெல்லி இருக்கும். ஒவ்வொருவரிடமும் ரகசியமாகச் சொல்லலாம், ஆனால் இந்தப் படிக்கட்டில் ரகசியம் ஒரு மாடி இறங்குவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும், அதுவும் வாக்குக் கொடுத்த பிறகு தெரிந்தால் ஏமாற்றினார்கள் என்ற பெயரும் சேரும். இதையெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை, வாயைத் திறக்கத்தான் பிடித்தது. எத்தனையோ பெண்களுக்கு அலுக்காமல் சொல்லிக்கொடுத்த பாடத்தை இந்த ஐந்தாறு பெண்களுக்கும் சொல்ல, டப்பாவை மேஜை மேல் வைத்தாள்.

"ஹாஜா, இவளுக்கு சர்க்கரை வியாதி இல்ல."

ஃபத்ஹிய்யா சிரிக்கத் தயாரானாள், பிறகு சிரிக்கவில்லை.

"இல்லையா? அல்ஹம்துலில்லாஹ்! பின்ன என்ன?" என்றாள் ஸமீஹா.

"பிறந்ததுலேர்ந்தே... உடம்புல ஒரு நொதி சரியா வேலை செய்யாது. புரதத்துல இருக்கிற ஒரு பொருள் மாறாம ரத்தத்துல தங்கிடும். சர்க்கரை திங்கலாம். இதைத்தான் குடிக்கக் கூடாது. இது அவ மூளையை..." அதற்கு மேல் எந்தச் சொல் குறைவாக வலிக்கும் என்று தேடினாள். அப்படி ஒன்று இல்லை.

"எதனால வருது இது?"

நஜ்வான் சொல்வதற்குள் இன்ஷிராஹ் எழுந்தாள். உடையின் புது மடிப்பு கலையாமல் கவனமாகத்தான் எழுந்தாள்.

"எங்க ரத்தத்துல வர்றது அத்தை" என்றாள். "அண்ணனுக்கும் அண்ணிக்கும் பாதிப் பாதி இருந்து இவளுக்கு முழுசா வந்திருச்சு. பாதி எனக்கும் இருக்கலாம். சோதிச்சுப் பாக்கலை. பாக்கப் பயம். என் கல்யாணத்துக்காகத்தான் எல்லார்கிட்டயும் சர்க்கரைன்னு சொன்னாங்க."

"அவளுக்கு இருந்தாலும் மஹ்ரூஸுக்கும் இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும்" என்று நஜ்வான் அவசரமாகச் சொன்னாள். "வெளி ஆளுக்கு இருக்கிறது அபூர்வம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், நான் கூட வர்றேன்..." உண்மையைத்தான் சொன்னாள். பொய் சொல்லிப் பிடிபட்டவள் சொல்லும் உண்மையை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? ஸமீஹா தன் கைப்பையை மடிக்கு இழுத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரிகள் விரிப்பைப் பார்த்தார்கள். ஃபத்ஹிய்யா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள், தினமும், தினமும் என்று அவள் முனகியது கேட்டது.

"எனக்குத் தாகமா இருக்கு" என்றாள் தாலீன்.

இன்ஷிராஹ் மேஜைக்குப் போய்த் தட்டிலிருந்து ஒரு கிளாஸ் ஷர்பத்தை எடுத்தாள். ஓதுவதற்கு முன்னால் அதை எடுத்தவர்களை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. "தண்ணி, சர்க்கரை, சாயம். வேற ஒண்ணும் இல்ல" என்று அண்ணியிடம் சொன்னாள். "குடுக்கலாம்தானே?"

நஜ்வானால் தலையை மட்டும் ஆட்ட முடிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அதற்கும் இது நேரம் இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு அடங்கி, ரிஃபாயி சாச்சாவின் கணீர்க் குரல் கேட்டது. "பொம்பளைங்க தயாரா? ஓதிடலாமா?"

காற்றில் திரை ஒதுங்கியபோது, கூடத்தில் ஆண்கள் உள்ளங்கைகளை விரித்து ஏந்தியபடி காத்திருப்பது தெரிந்தது. மஹ்ரூஸின் கைகளும் ஏந்தியிருந்தன. தாலீன் கிளாஸை இரு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள். மேலுதடு சிவந்துவிட்டது. தட்டு ஸமீஹாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளை வெறும் கிளாஸை அவளிடம் நீட்டி, இன்னொன்று வேண்டும் என்று நின்றாள். மணிக்கட்டு வழியாக ஒரு சிவப்புச் சொட்டு முழங்கை வரை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.